ஊருக்குப் போன குழந்தைகள்

அழுகிற குழந்தையின் மூச்சை எண்ணக் கூடாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன் டாக்டர், ஏனென்றால் நீங்கள் புதிதாகச் சேர்த்திருக்கிற இரண்டு பெண்களும் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். அழுதால் மூச்சு ஏறும். ஏறினால் இல்லாத நிமோனியா இருப்பதாகத் தெரியும். பால் குடித்து முடித்துவிட்டு அம்மா மடியில் சும்மா கிடக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது சோம்பேறி வேலை. ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அப்படிச் செய்ததில்லை.

நடந்ததைச் சொல்லுங்கள், இல்லையென்றால் எழுதுங்கள் என்று வெள்ளைத்தாளைக் கொடுத்தீர்கள். எழுதுவதே நல்லது. பேசினால் நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள், அதைப் பார்த்து நான் சொல்ல வந்ததைக் குறைத்துச் சொல்வேன். உங்களுக்கும் அது உதவாது, எனக்கும் உதவாது.

என் பேர் பெர்னதெத். வயது நாற்பத்திரண்டு. ஆஸ்டின் டவுனில் குடியிருக்கிறேன். 1993-இல் நம் சங்கம் நீலசந்திராவில் குழந்தை நிமோனியாத் திட்டத்தைத் தொடங்கியபோது களப்பணியாளராகச் சேர்ந்தேன். ஆறு சந்து, அறுநூறு வீடு, ஐந்து வயதுக்குக் கீழே ஐந்நூறு குழந்தைகள், இதுதான் என் பகுதி. நான் நர்ஸ் இல்லை, மூன்று வாரப் பயிற்சிதான். ஆனாலும் சந்தில் எல்லாரும் நர்ஸக்கா என்றார்கள். முதல் மாதம் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன். கேட்கச் சுகமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

இந்தத் தாளை வேறு யாராவது படித்தால் புரியட்டும் என்று வேலையைப் பற்றியும் கொஞ்சம் எழுதுகிறேன். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை நிமிடத்துக்கு ஐம்பது மூச்சு, அதற்கு மேல் போனால் மாத்திரை. ஒரு வயது தாண்டியதற்கு நாற்பது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் மாத்திரை போதாது, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே ஊசி இருக்கிறது, ஆக்ஸிஜன் இருக்கிறது. நீலசந்திராவிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். ஒவ்வொரு குழந்தைக்கும் கடைசியில் பதிவேட்டில் ஒரு முடிவு எழுத வேண்டும். மூன்று முடிவுதான் உண்டு. குணம், மரணம், ஊர் மாற்றம்.

முதல் வருஷம் குழி விழுந்த குழந்தைகள் ஐந்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மூன்று செத்துப்போயின. தாமதமாக வந்தன என்றார்கள் அங்கே. இருக்கலாம். ஊதுபத்தி உருட்டுகிற பெண்கள் குழந்தை இரண்டு நாள் இருமினால் கசாயம் வைப்பார்களே தவிர, கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வர மாட்டார்கள். மூன்றாவதாகச் செத்த பையன் பேர் நாணு. பதினாலு மாதம். அவனுக்குத்தான் நம் சங்கம் முதன்முதலாக மரண ஆய்வு நடத்தியது. அதை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, நல்ல எண்ணத்தில்தான் கண்டுபிடித்திருப்பார்கள். ஒரு மேஜை, அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் நான்.

“திங்கட்கிழமை எத்தனை?”

“முப்பத்தாறு சார்.”

“செவ்வாய்க்கிழமை ஏன் எண்ணலை?”

“அன்னிக்கு எனக்கு நாலாவது சந்து சார்.”

“நாலாவது சந்துக்கும் இவங்க வீட்டுக்கும் எவ்வளவு தூரம்?”

இருபதடி தூரம். அதைத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று மணிநேரம் உட்கார வைத்தார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை, டீகூடக் கொடுத்தார்கள். வெளியே வந்தால் பெஞ்சில் நாணுவின் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். “உம்மேலயா தப்புன்றாங்க நர்ஸக்கா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பாவம் என்கிற மாதிரிக் கேட்டாள். அன்றைக்கு பஸ் ஏறாமல் வீடு வரைக்கும் நடந்தே போனேன். இனி என் ஆயுசில் அந்த நாற்காலியில் உட்காரப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் உழைத்தேன் டாக்டர். இதை நீங்கள் அந்தப் பகுதியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகச் சந்துக்குப் போவேன். 1994-இல் என் பகுதியில் ஒரு மரணம்கூட இல்லை. அது நிஜமான சைபர். யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை. ஒருங்கிணைப்பாளர் ரங்கா சார் சுவரில் ஒரு படம் ஒட்டினார், பகுதிக்கு ஒரு கட்டம். மற்றவர்கள் கட்டத்தில் நாலு, ஆறு, மூன்று என்று சிவப்பு மையில் இருந்தது. என் கட்டத்தில் பச்சை மையில் வட்டமாக ஒரு சைபர். டும்கூரிலிருந்தும் மைசூரிலிருந்தும் ஆட்கள் வந்து என்னோடு சந்து சந்தாக நடந்து குறிப்பெடுத்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சைபர் இறுகிப்போன மோதிரம் மாதிரி. போட்டுக்கொள்ளும்போது சுலபமாக இருந்தது, கழற்றத்தான் வழியில்லாமல் போயிற்று. நாலு மரணம் உள்ளவளுக்கு ஐந்தாவது வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு ஒன்று வந்தால் ஆறு பேரும் மேஜையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

1995 மழைக்காலத்தில் இரண்டாவது சந்தில் ஒரு குழந்தைக்கு மாத்திரை கொடுத்திருந்தேன். மறுநாள் போனால் வீடு பூட்டியிருந்தது. மாமியாரோடு சண்டை, அம்மா வீட்டுக்கு வாணியம்பாடி போய்விட்டாள் என்றார்கள். பத்து நாள் கழித்து, குழந்தை அங்கே தவறிவிட்டது என்று செய்தி வந்தது. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ரங்கா சாரிடம் போனேன். அவர் பதிவேட்டைப் பார்த்தார்.

“நம்ம ஏரியாவிலயே இல்லையேம்மா. ஊர் மாற்றம்னு போடுங்க. ரூல் படி அது நம்ம டெத் இல்ல. பாவம், என்ன செய்யறது.”

அவர் மேல் பழி போட எனக்கு விருப்பமில்லை. விதி என்ன என்று சொன்னார், அவ்வளவுதான். நான் அதைக் கேட்ட விதம் வேறு. அன்றைக்கு ராத்திரி வயிறாரச் சாப்பிட்டேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்த குழந்தையை நானே அனுப்பினேன். கஷ்டமாகவே இல்லை. நம் பெண்கள் பிரசவத்துக்குப் போவது அம்மா வீடு, மஞ்சள்காமாலைக்குப் போவது அம்மா வீடு, புருஷன் அடித்தால் போவதும் அம்மா வீடுதான். திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, ஆம்பூர் என்று எல்லாருக்கும் ஓர் ஊர் இருக்கிறது. போகச் சொல்லி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், நர்ஸக்கா சொன்னால் மாமியாரும் தடுக்க முடியாது. இங்கே பனி, மண்ணெண்ணெய்ப் புகை, ஊதுபத்தித் தூள், குழந்தைக்கு ஆகவில்லை, ஊரில் நல்ல வெயில், நாலு நாள் இருந்துவிட்டு வா என்பேன். அதில் எது பொய் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். ஐந்தில் மூன்று செத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டிலில் இரண்டு குழந்தை, அம்மாக்கள் தரையில், வாசலில் காவல்காரன் அதட்டல். சாகப்போகிற குழந்தை சொந்த மனுஷர்கள் நடுவே சாகட்டுமே என்று நினைத்தேன். இது என் மனசாரத் தோன்றியது. இன்றைக்கும் அதில் நியாயம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன்.

இனி ஜானகி விஷயம். அவளால்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

ஜானகிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஐந்தாவது சந்தில் ஒற்றை அறை வீடு. புருஷன் ஞானசேகரனுக்குச் சென்ட்ரிங் வேலை. வைட்ஃபீல்டில் பெரிய ஆபீஸ்கள் கட்டத் தொடங்கிய நேரம், அங்கேயே கொட்டகையில் தங்கிவிட்டு வாரம் ஒருமுறைதான் வருவான். ஒரே குழந்தை, ஸ்வர்ணா, எட்டு மாதம். ரோஸ் கம்பளித் தொப்பி போட்டு வைத்திருப்பாள். என்னைக் கண்டால் சிரிக்கும்.

1996 ஜனவரி, பொங்கலுக்கு நாலு நாள் முன்பு. காலை ஒன்பது மணிக்கு நான் போனபோதே ஜானகி புடவை மாற்றி, துணிப்பையில் ஃபிளாஸ்கும் இரண்டு சட்டையும் எடுத்து வைத்துத் தயாராக நின்றாள்.

“நேத்துலேர்ந்து பால் குடிக்கலக்கா. நெஞ்சு இஸ்துக்கினே கீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாமா? நீ வந்தா உள்ள விடுவாங்க.”

எண்ணினேன், அறுபத்தெட்டு. குழந்தை அசைந்ததால் இன்னொரு முறை எண்ணினேன். அறுபத்தெட்டேதான். விலாவுக்குக் கீழே குழி நன்றாக விழுந்தது. உதடு லேசாகக் கறுத்திருந்தது. என் பகுதியில் இரண்டு வருஷமாக மரணமே இல்லை என்பதற்காக அடுத்த புதன்கிழமை ஒரு கூட்டம். என்னைப் பயிற்சியாளராக்குவது என்று முடிவாகியிருந்தது, பயிற்சியாளர் ஆனால் சந்து வேலையே கிடையாது. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

“உங்கம்மா எங்க இருக்காங்க?” என்று கேட்டேன்.

“திருப்பத்தூர் பக்கம்க்கா. இன்னாத்துக்கு?”

“இந்தக் குளுருதான் கொழந்தைய வாட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போனா தரையில படுக்க வெப்பாங்க, இன்னும் குளுரு ஏறும். அம்மா வீட்டுக்குப் போ. வெயில்ல நாலு நாள் வெச்சிரு. மாத்திரை நான் தரேன்.”

“இப்பிடியே பஸ்ல இட்டுகினு போலாமாக்கா?”

“நான் வந்து ஏத்தி வுடறேன்.”

அவள் குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நம்பினாள். நாணு செத்தபோது நான் எத்தனை நாள் அந்த வீட்டுக்குப் போய் வந்தேன் என்று அவளுக்குத் தெரியும். சந்துக்கே தெரியும். நான் அந்த நம்பிக்கையைச் சும்மா சம்பாதிக்கவில்லை டாக்டர்.

ஊர் பஸ் நிற்கிற மடிவாளாவுக்கு ஆட்டோ பிடித்தேன். குழந்தையை நான்தான் மடியில் வைத்துக்கொண்டேன், சால்வையால் காதை மூடினேன். டிரைவர் பெரிய ஆஸ்பத்திரி வழியாகத்தான் போனான். அந்த வாசலில் போலீஸ்காரர் கை காட்டி வண்டிகளை நிறுத்திவிட்டார். ஒரு நிமிடம் இருக்கும். ஜானகி எட்டி உள்ளே பார்த்தாள். “இங்கதானேக்கா?” என்றாள். ஆமாம் என்றேன். உள்ளே கூட்டம் எவ்வளவு பார் என்றேன். நிஜமாகவே கூட்டமாகத்தான் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் இறங்கியிருக்கலாம். இறங்கியிருந்தால் மறு வாரம் நாற்காலி. என் கால் நகரவில்லை. அந்த ஆட்டோவில் நான் மூச்சு முட்டி உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியாது. என்னைப் பற்றி நீங்கள் ஏதாவது எழுதுவதானால் அதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு வண்டி நகர்ந்தது.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம், காற்றடிக்கும் என்று சொல்லி உள் சீட்டில் உட்கார வைத்தேன். மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கும் விதத்தை இரண்டு முறை சொன்னேன். பஸ் கிளம்பும் வரைக்கும் நின்றேன். அன்று மாலையே பதிவேட்டில் ஸ்வர்ணாவுக்கு எதிரே ஊர் மாற்றம் என்று எழுதினேன். புதன்கிழமைக் கூட்டத்தில் கைதட்டினார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறியதும் குழந்தை போய்விட்டது. ஜானகி திரும்பி வந்தபிறகு சொன்னாள். கண்டக்டருக்குத் தெரிந்தால் நடுவழியில் இறக்கிவிட்டுவிடுவான் என்று பயந்து, சால்வையை இழுத்து மூடி, தூங்குகிற குழந்தையைத் தட்டுவது மாதிரி ஒன்றரை மணிநேரம் தட்டிக்கொண்டே போயிருக்கிறாள். பக்கத்து சீட்டுக்காரி குழந்தை நல்லா தூங்குதே என்றாளாம். ஆமாம் என்றாளாம். அம்மா வீட்டு வாசலில் இறங்கியபிறகுதான் அழுதிருக்கிறாள். இதையெல்லாம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ சொன்னதாலதான்க்கா எங்கம்மா கொழந்தை மொகத்தப் பாத்துச்சு. இல்லாங்காட்டி இங்கியே பொதைச்சிருப்போம்.”

அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். என்ன சொல்வது? அவளுக்கு அது ஒன்றுதான் ஆறுதல், அதையும் பிடுங்கச் சொல்கிறீர்களா? அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் என்னை விடவில்லை. ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு தூக்கில் பலகாரம். தெருவில் கண்டால் ஓடி வந்து பையை வாங்கிக்கொள்வாள். பயிற்சி மையத்துக்குக்கூடத் தேடி வந்து, பெண்கள் நடுவே, எங்க நர்ஸக்கா எனக்கு அம்மா மாதிரி என்பாள். வேறு வேலைக்குப் போயிருப்பேன், ஊரை விட்டே போயிருப்பேன். எங்கே போனாலும் ஏன் போகிறாய் என்று கேட்பார்கள். சால்வை போர்த்தியவளை யார் விடுவார்கள்? பயிற்சிக்கு வந்த பெண்களுக்கு மூச்சு எண்ணுவதைச் சொல்லிக்கொடுத்தேன், பதிவேடு எழுதுவதையும் சொல்லிக்கொடுத்தேன். ஊர் மாற்றம் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு விதியை மட்டும் சொன்னேன்.

நான் நேரில் அனுப்பியது ஒன்பது. அதில் இரண்டு பிழைத்து வந்தன. ஏழு வரவில்லை. உங்கள் பட்டியலில் ஊர் மாற்றம் இருபத்து மூன்று என்று இருக்கிறது. மீதிப் பதினாலையும் என் பேரில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களிடம் நான் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. ஒருத்தி போனாள், அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி போனாள். மூச்சு இழுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகாதே, ஊருக்குப் போ, நர்ஸக்காவே அப்படித்தான் சொல்லும் என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்களாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

போன மாதம் ஜானகியின் இரண்டாவது குழந்தைக்கு இழுத்திருக்கிறது. ஐந்து மாதப் பையன். இந்த முறை அவள் யாரையும் கேட்கவில்லை. உருட்டிக்கொண்டிருந்த ஊதுபத்தியை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், நேரே மடிவாளாவுக்குப் போய் ஊர் பஸ் ஏறியிருக்கிறாள். அந்தப் பையன் ஓசூரைத் தாண்டவில்லை. திரும்பி வந்ததும் உங்கள் முன்னால் நின்று, ஊர் மாற்றம்னு எழுதிக்கோங்கம்மா என்று அவளே சொன்னாளாம். அந்த வார்த்தை அவளுக்கு எப்படித் தெரியும் என்று விசாரிக்கப் போய்த்தான் என்னிடம் வந்தீர்கள்.

நேற்று நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் ஸ்வர்ணா பிழைத்திருக்குமா என்று கேட்டீர்கள். அதை யாராலும் சொல்ல முடியாது என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள், பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். ஸ்வர்ணாவுக்கு இரண்டு மாதம் முன்பு, நவம்பரில், என் அண்ணன் டெஸ்மண்டின் மகன் நீலுக்கு இழுத்தது. ஒன்றே முக்கால் வயது. அறுபத்தொன்று எண்ணினேன், குழி விழுந்தது. எண்ணி முடித்தபோது நான் ஏற்கனவே ஆட்டோவில் இருந்தேன். காவல்காரனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன், டாக்டரின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அப்போதும் ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள் கிடந்தன, நானும் தரையில்தான் படுத்தேன். நாலு நாள் ஊசியும் ஆக்ஸிஜனும். ஐந்தாம் நாள் இட்லி கேட்டான். இந்த ஜூனில் பள்ளியில் சேர்க்கப் போகிறோம்.

ஆஸ்டின் டவுன் என் பகுதி இல்லை, நீல் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. எங்களுக்கும் ஊர் இருக்கிறது டாக்டர். தங்கவயலில் அம்மா இருக்கிறாள், சொந்த வீடு இருக்கிறது, வெயிலுக்குக் குறைவே இல்லை. அன்றைக்கு அந்த ஊர் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.